கைப்பழக்கமும் மூளையும்

முப்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்ந்து நெய்துவரும் ஒருவரிடம், "பாவில் இழை அறுந்தால் எவ்வாறு முடிச்சிடுகிறீர்கள்? கொஞ்சம் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சற்றுத் தயங்குவார். பிறகு, "சொல்லத் தெரியவில்லை ஐயா, இப்படி வாருங்கள், செய்து காட்டுகிறேன்" என்பார். நாற்று நடும் அம்மையாரிடம், முடியிலிருந்து நாற்றை எந்த விரலால் பிரிக்கிறீர்கள், எவ்வளவு ஆழத்தில் ஊன்றுகிறீர்கள் என்று கேட்டாலும் இதே விடைதான் கிடைக்கும். கை உடனே செய்து விடுகிறது, வாய்தான் திணறுகிறது.

இவ்வாறு சொல்ல இயலாமை கல்விக் குறைவினால் நேர்வதன்று. வயலின் வித்துவானும், அறுவைச் சிகிச்சையில் தேர்ந்த டாக்டரும் இதே நிலையில்தான் இருக்கின்றனர். ஊர்ப் பெயர், தேதி, கணக்கு முதலியவற்றை மூளை வைத்துக்கொள்ளும் முறை வேறு. கைத்தொழிலை வைத்துக்கொள்ளும் முறை வேறு. முன்னதை வாயினால் எடுத்துரைக்கலாம். பின்னதைச் செய்துதான் காட்ட முடியும்.

இதை நாம் இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நெசவுப் பயிற்சிக்கு ஆவலோடு வந்து சேரும் இளைஞர்களுள் சிலர் ஓரிரு மாதங்களில் நின்றுவிடுகின்றனர். காரணம் கேட்டால், "எனக்குக் கை வரவில்லை" என்கின்றனர். கற்பிப்பவரும், "ஆமாம், அவனுக்குக் கை வராது" என்று சொல்லிவிடுகிறார். அத்துடன் ஒரு தறி காலியாகிறது. கை வருவது என்றால் என்ன, அஃது எவ்வளவு காலத்தில் வரும், எப்படிப் பழகினால் வரும் என்பவற்றை இரு தரப்பாரும் அறிந்திருந்தால், அவர்களுள் பலரை நாம் இழந்திருக்க வேண்டியதில்லை. விஞ்ஞானிகள் இது பற்றிக் கண்டறிந்துள்ள செய்திகளை அங்கத்தினர்களுக்கு இயன்ற வரையில் எளிமையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நினைவு ஒன்றன்று

அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவர் 1926-இல் பிறந்தார். இளமையிலேயே அவரைக் காக்காய் வலிப்பு பற்றிக்கொண்டது, மருந்துக்கு அடங்கவில்லை. 1953-இல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, வில்லியம் ஸ்கோவில் என்னும் டாக்டர் அவருடைய மூளையின் இருபுறத்திலும், பொட்டுக்கு உட்புறமாக உள்ள ஒரு பகுதியை வெட்டி எடுத்தார். வலிப்பு பெரிதும் குறைந்தது. ஆனால் எதிர்பாராத பெருந்தீங்கு ஒன்று நேர்ந்தது. அன்று முதல் புதிதாக எந்தச் செய்தியும் அவர் மனத்தில் தங்கவில்லை. காலையில் பேசியவரை மாலையில் அறியார். உண்டதையும் மறந்து போவார். பழைய நினைவுகள் பல இருந்தன. பேச்சிலும் அறிவிலும் குறைவில்லை. 2008-இல் அவர் இறக்கும் வரை, ஆராய்ச்சி நூல்கள் அவரை எச்.எம். என்னும் முதலெழுத்துகளாலேயே குறிப்பிட்டு வந்தன.

கனடாவின் மான்ட்ரியல் நகரைச் சேர்ந்த பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் இவரிடம் ஒரு சோதனை நடத்தினார். காகிதத்தில் ஒன்றனுள் ஒன்றாக இரு கோடுகளால் ஒரு நட்சத்திரம் வரையப்பட்டிருக்கும். அவ்விரு கோடுகளுக்கும் இடையே பென்சிலால் கோடிழுத்துச் செல்ல வேண்டும். ஆனால் காகிதத்தை நேரே பார்க்கக் கூடாது. கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் பார்த்தே வரைய வேண்டும். கண்ணாடியில் திசை மாறித் தெரிவதால் முதலில் எவருக்கும் கை தடுமாறும், நாளடைவில் பழகிவிடும். ஹென்றியும் மூன்று நாட்கள் இதைச் செய்தார். நாளுக்கு நாள் அவருடைய பிழைகள் குறைந்துகொண்டே வந்தன. மூன்றாம் நாள் நன்றாகவே வரைந்தார். வியப்பு யாதெனில், ஒவ்வொரு நாளும் அந்தக் காகிதத்தைத் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் காண்பதாகவே அவர் எண்ணினார்! முன்பு வரைந்த நினைவு அவருக்குச் சிறிதும் இல்லை. அவர் அறியாத ஒன்றை அவருடைய கை அறிந்திருந்தது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாயிற்று. நிகழ்ச்சிகளை நினைவில் பதிக்கும் பகுதி அழிந்த பின்னும் கை புதிய தொழிலைக் கற்க முடிந்தது. ஆதலின் கைத்தொழில் மூளையில் வேறிடத்தில் கற்கப்படுகிறது என்பது தெளிவு. வாயினால் சொல்லிக் கொடுப்பதனால் மட்டும் ஒருவனை நெசவாளி ஆக்க இயலாமைக்கும், நெசவாளி தன் தொழிலைச் சொல்லி விளக்க இயலாமைக்கும் காரணம் இதுவே.

மூளையின் மூன்று பட்டறைகள்

அப்படியாயின் கைத்தொழில் எங்கே கற்கப்படுகிறது? சிறப்பாக மூன்று இடங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, பெருமூளையின் மேற்பரப்பில், ஏறத்தாழ ஒரு காதிலிருந்து மறு காது வரை உச்சியின் மேலாகச் செல்லும் ஒரு பட்டை. உடலை அசைக்கும் கட்டளைகள் பெரும்பாலும் இங்கிருந்து புறப்படுகின்றன. இப்பட்டையில் காலுக்கு ஓரிடம், கைக்கு ஓரிடம், முகத்துக்கு ஓரிடம் என்று பங்கீடு உண்டு. அப்பங்கீடு உடலுறுப்பின் பருமனைப் பொறுத்ததன்று. வேலையின் நுட்பத்தைப் பொறுத்தது. அகன்ற முதுகுக்குச் சிறு இடமும், விரல்களுக்கும் உதடுகளுக்கும் பேரிடமும் ஒதுக்கப்பட்டுள்ளன. 

இரண்டாவது, பிடரிக்கு உட்புறத்தில் அமைந்துள்ள சிறுமூளை. எடையில் இது மூளையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆயினும் மனித மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் சுமார் 6,900 கோடி இதனுள்ளேயே இருப்பதாக 2009-இல் வெளியான பிரேசில் நாட்டு ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. இதன் வேலை, பிழை திருத்துதல். கை ஒரு செயலைத் தொடங்கும்போதே, அதன் விளைவு எப்படியிருக்கும் என்று சிறுமூளை முன்கூட்டி மதிப்பிடுகிறது. பிறகு உண்மையில் நேர்ந்ததை அதனோடு ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால், பிழையை அறிவிக்கும் நரம்பிழை ஒன்று செய்தி கொண்டுவருகிறது. அப்பிழைக்குக் காரணமாயிருந்த இணைப்புகள் அதனால் வலுக்குன்றுகின்றன. இவ்வாறு இணைப்பு தளர்வதை ஜப்பானிய விஞ்ஞானி மசாவோ இட்டோவும் அவருடைய குழுவினரும் 1982-இல் காட்டினர்.

இதை நெசவாளர்கள் தம் அனுபவத்தில் அறிவார்கள். பழகிய தறியை விட்டு வேறொரு தறியில் அமர்ந்தால் முதல் சில மணி நேரம் நாடா சரியாகப் போய்ச் சேராது. பலகை அடிப்பதில் ஊடை நெருக்கமாகவோ கலக்கமாகவோ விழும். பிறகு தானே சரியாகிவிடும். நாம் எண்ணிப் பார்த்துத் திருத்தியதாக நினைவிராது. திருத்தியது சிறுமூளை. இப்பகுதி பழுதுபட்ட நோயாளிகளுக்கு இத்தகைய திருத்தம் எளிதில் வருவதில்லை.

மூன்றாவது, பெருமூளையின் அடியில் ஆழப் புதைந்துள்ள நரம்பு முடிச்சுகள். தனித்தனிச் செயல்களைக் கோத்து ஒரே தொடராக்குவது இவற்றின் வேலைகளுள் ஒன்று. புதிதாகப் பழகுபவனுக்கு மிதியை அழுத்துதல், நாடாவை ஓட்டுதல், பலகையை இழுத்து அடித்தல், மிதி மாற்றுதல் ஆகிய நான்கும் நான்கு வேலைகள். ஒவ்வொன்றையும் அவன் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டும். தேர்ந்தவருக்கோ நான்கும் சேர்ந்து ஒரே வேலை. முதலசைவைத் தொடங்கினால் போதும்; மற்றவை மணிகோத்த மாலைபோல் தாமே தொடர்ந்து வருகின்றன. நடுக்குவாதம் என்னும் நோயில் இம்முடிச்சுகளுக்கு வேண்டிய டோப்பமின் என்னும் இரசாயனப் பொருள் குறைந்துவிடுகிறது. அந்நோயாளிகளிடம் வாழ்நாளெல்லாம் தாமாகவே நடந்துவந்த செயல்கள், நடப்பது உட்பட, திரும்பவும் எண்ணி எண்ணிச் செய்ய வேண்டியவையாகிவிடுகின்றன. பழக்கம் நமக்கு எவ்வளவு பெரிய சுமையைக் குறைத்திருந்தது என்பது அதை இழந்தவரைப் பார்க்கும்போதே விளங்குகிறது.

பழகப் பழக நேர்வது என்ன?

பழக்கத்தினால் மூளையின் அமைப்பிலேயே மாறுதல் உண்டாகிறது. 2009-இல் சுண்டெலிகளுக்கு ஒரு சிறு பிளவின் வழியே முன்காலை நீட்டித் தீனியை எடுக்கப் பழக்கினர். பழக்கம் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே இயக்கப் பகுதியிலுள்ள நரம்பணுக்களில் புதிய இணைப்புகளுக்கான முளைகள் தோன்றின. பயிற்சி தொடர்ந்தபோது அவற்றுள் சில நிலைத்து நின்றன. விதை முளைப்பது விரைவில் நடக்கிறது; வேர் பிடிப்பதற்குத்தான் நாளாகிறது.

நரம்பிழைகளின் மேல், மின்கம்பிக்கு மேலுறை போல, மயலின் என்னும் கொழுப்புறை ஒன்று சுற்றியுள்ளது. உறை செம்மையாக இருந்தால் செய்தி விரைந்து செல்லும். ஒழுங்கற்ற படிகளைக் கொண்ட சக்கரத்தில் ஓடக் கற்ற சுண்டெலிகளிடம், இவ்வுறையை உண்டாக்கும் அணுக்கள் புதிதாகத் தோன்றாமல் தடுத்தபோது, அவற்றால் அவ்வித்தையைச் சரிவரக் கற்க முடியவில்லை என்று 2014-இல் கண்டனர்.

மனிதரிடத்தும் இத்தகைய சான்றுகள் உண்டு. வயலின் போன்ற தந்தி வாத்தியங்களை வாசிப்போரின் இடக்கை விரல்களுக்கு மூளையின் தொடு உணர்வுப் பகுதியில் மற்றவர்களைவிட மிகுதியான இடம் அமைந்திருப்பதை 1995-இல் கண்டனர். இளமையிலேயே தொடங்கியவர்களிடம் இது அதிகமாகக் காணப்பட்டது. 2004-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள், பந்துகளை மாற்றி மாற்றி மேலே எறிந்து பிடிக்கும் வித்தையைப் பெரியவர்கள் சிலருக்கு மூன்று மாதம் பழக்கினர். அவர்களுடைய மூளையில், அசையும் பொருளைக் கண்காணிக்கும் பகுதி சற்றுப் பருத்திருந்தது. பழகுவதை நிறுத்திய மூன்று மாதத்துக்குப் பின் அப்பருமன் பெரும்பாலும் குறைந்துவிட்டது. வயது வந்தவரின் மூளையும் மாறவல்லது என்பதும், மாறுதலைப் பயிற்சி தாங்கி நிற்க வேண்டும் என்பதும் இதிலிருந்து விளங்குகின்றன.

எவ்வளவு காலம் பிடிக்கும்?

கை வரவில்லை என்று சொல்லிப் போய்விடும் இளைஞர்கள் அறிய வேண்டிய செய்தி இங்கேதான் இருக்கிறது. 1897-இல் அமெரிக்காவில் பிரயன், ஹார்ட்டர் என்னும் இருவர், தந்தி அடிக்கவும் தந்திச் செய்தியைக் காதால் கேட்டு எழுதவும் கற்பவர்களின் முன்னேற்றத்தை வாரந்தோறும் அளந்து வெளியிட்டனர். செய்தியைக் கேட்டு எழுதுவதில் முதலில் நல்ல முன்னேற்றம் காணப்பட்டது. பிறகு பல வாரங்கள் எவ்வித முன்னேற்றமும் இல்லை. அதன் பின் மீண்டும் வேகம் ஏறியது. தனித்தனி எழுத்துகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சொற்களாகவும், பிறகு சொற்றொடர்களாகவும் கேட்கத் தொடங்கியதே இதற்குக் காரணம் என்று அவர்கள் விளக்கினர். நான்கு வேலைகள் ஒரே வேலையாக இணைவதைப் பற்றி மேலே சொன்னோம் அல்லவா? அதே நிகழ்ச்சிதான் இது.

தேக்கம் எல்லோருக்கும் ஒரே விதமாக வருவதில்லை. சிலருக்கு வராமலும் போகலாம். ஆனால் வந்தபோது, கற்பவன் அதைத் தன் தகுதிக் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. வெளியே முன்னேற்றம் தெரியாத நாட்களிலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம். பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் பையன் தறியை விட்டு எழுந்து போய்விடுகிறான்.

முன்னேற்றம் எங்கே முடிகிறது என்பதும் அறியத்தக்கது. பிரிட்டனில் கிராஸ்மன் என்பவர், சிறு இயந்திரத்தின் துணையோடு சுருட்டுச் செய்யும் தொழிலாளர்களின் வேகத்தை ஆராய்ந்து 1959-இல் வெளியிட்டார். ஒரு சுருட்டுக்கு ஆகும் நேரம் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறைந்துகொண்டே வந்தது. இலட்சக்கணக்கான சுருட்டுகளைச் செய்து, இரண்டாண்டுகள் கடந்த பின்னும் அது குறைவது நிற்கவில்லை. கடைசியில் அதற்கு எல்லை வகுத்தது இயந்திரத்தின் வேகமேயன்றித் தொழிலாளியின் கை அன்று. ஆகவே மூன்று மாதத்தில் ஒருவன் நெய்யும் முழத்தைக் கொண்டு அவன் வாழ்நாள் திறமையை அளப்பது, நாற்றங்காலைப் பார்த்து விளைச்சலை எடை போடுவது போலாகும்.

எப்படிப் பழக வேண்டும்?

முதலாவது, ஒரேயடியாகப் பழகுவதைவிடப் பிரித்துப் பழகுவது நன்று. பிரிட்டிஷ் தபால் இலாகா தன் தபால்காரர்களுக்குத் தட்டச்சுப் பலகையைப் பழக்க வேண்டியிருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அவர்களை நான்கு பிரிவுகளாக்கினர். ஒரு பிரிவினர் நாளுக்கு ஒரு மணி நேரமும், மற்றொரு பிரிவினர் நாளுக்கு நான்கு மணி நேரமும் பழகினர். மற்ற இரு பிரிவினர் இரண்டு மணி நேரம். 1978-இல் வெளியான முடிவின்படி, நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்களே குறைந்த மணி நேரத்தில் கற்றனர். ஆனால் வேடிக்கை என்னவெனில், மனக்குறை மிகுதியாக இருந்ததும் அவர்களுக்குத்தான்! நாட்கணக்கில் மற்றவர்கள் தங்களை முந்திவிட்டதாக அவர்கள் கருதினர். கற்பவனின் மனநிறைவு, அவன் கற்ற அளவைக் காட்டும் அளவுகோல் அன்று என்பதைக் கற்பிப்போர் மனத்திற் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, உறக்கம். விரல்களால் ஒரு வரிசைப்படி விசைகளைத் தட்டும் பயிற்சியை மாணவர்களுக்கு அளித்து, ஓரிரவு உறங்கிய பின் சோதித்தபோது, மேற்கொண்டு பழகாமலே வேகம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியிருந்ததாகவும், பிழை கூடவில்லை என்றும் 2002-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். உறக்கம் எல்லாத் தொழிலுக்கும் இதே அளவில் உதவும் என்று சொல்வதற்கில்லை. எனினும் இரவெல்லாம் கண்விழித்துப் பழகுவதால் நன்மை இல்லை என்பது உறுதி.

மூன்றாவது, பிழை உடனே தெரிய வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு, குறித்த நீளத்துக்குக் கோடு வரையும்படி சிலரைக் கேட்டு, சரியா தவறா என்று சொல்லாமலே ஆயிரக்கணக்கான கோடுகளை வரையச் செய்தார், தார்ண்டைக் என்னும் அமெரிக்க அறிஞர். 1930-களின் தொடக்கத்தில் வெளியான அச்சோதனையில் முன்னேற்றம் ஒன்றும் காணப்படவில்லை. வெறுமனே திரும்பத் திரும்பச் செய்வது பழக்கம் ஆகாது. விளைவைக் கண்டு செய்வதே பழக்கமாகும். துணி முழுவதும் நெய்து முடிந்து, படமரத்திலிருந்து எடுத்துச் சங்கத்தில் தரம் பார்க்கும்போதுதான் குறை தெரிகிறது என்றால், அதற்குள் பல நாள் கழிந்துவிட்டது. எந்தக் கையசைவால் அக்குறை விளைந்தது என்று மூளை அறிய வழியில்லை. அருகில் நின்று அப்போதே காட்டும் ஒரு விரல், பிறகு சொல்லும் நூறு புத்திமதிக்கு மேலானது. வசவு இதற்கு ஈடாகாது. வசவு கேட்டவனின் கவனம் துணியை விட்டுத் திட்டியவரின் முகத்துக்குப் போய்விடுகிறது.

நான்காவது, பழக்கத்தில் மாறுதல் வேண்டும். எட்டு வயதுக் குழந்தைகள் சிலர், மூன்றடித் தொலைவிலுள்ள இலக்கில் சிறு பையை எறிந்து பழகினர். வேறு சிலர் மூன்றடியில் பழகவே இல்லை. இரண்டடியிலும் நான்கடியிலும் மாறி மாறிப் பழகினர். முடிவில் மூன்றடியில் வைத்துச் சோதித்தபோது, மாற்றிப் பழகியவர்களே வென்றனர். இது 1978-இல் வெளிவந்தது. ஒன்றையே அடுத்தடுத்துப் பழகுபவரைவிட, பலவற்றைக் கலந்து பழகுபவர் பயிற்சியின்போது பின்தங்கினும், சில நாட்கள் கழித்துச் சோதிக்கையில் முந்துகின்றனர் என்று மறு ஆண்டு மற்றோர் ஆராய்ச்சி காட்டியது. அடிப்படை அசைவு பிடிபட்ட பின், ஒரே நம்பர் நூலிலும் ஒரே அகலத்திலும் மாதக்கணக்கில் நெய்யவிடாமல் அவ்வப்போது மாற்றிக் கொடுப்பது நல்லது. அன்று உற்பத்தி சற்றுக் குறையலாம், கையோ வளரும்.

ஐந்தாவது, கவனத்தைப் பற்றியது. தொடக்கத்தில் கையைக் கவனித்துச் செய்வது தேவையே. தேர்ந்த பின் அதுவே இடையூறாகிறது. பந்தைக் காலால் உருட்டிச் செல்வதில் தேர்ந்த ஆட்டக்காரர்களைத் தம் பாதத்தைக் கவனிக்கச் சொன்னபோது ஆட்டம் கெட்டதென்றும், புதியவர்களுக்கு அது நன்மை செய்ததென்றும் 2002-இல் கண்டனர். பரிசோதகர் எதிரில் நிற்கையில் பழுத்த நெசவாளிக்கும் நாடா தவறுவது ஏன் என்பது இப்போது புரிகிறதன்றோ?

மறப்பனவும் மறவாதனவும்

கற்றது எவ்வளவு காலம் நிற்கும்? விமானம் செலுத்துவதை ஒத்த ஒரு பயிற்சியைப் பெற்றவர்களை 9, 14, 24 மாத இடைவெளிகளுக்குப் பின் அமெரிக்காவில் சோதித்தனர். இடையில் அவர்கள் அதைத் தொடவே இல்லை. இரண்டாண்டு கழிந்தும் திறமை ஏறத்தாழ அப்படியே இருந்தது. ஏற்பட்ட சிறு குறைவும் சில நிமிடப் பயிற்சியில் நேராகிவிட்டது. 1962-இல் ஃப்ளீஷ்மன், பார்க்கர் என்போர் இதை வெளியிட்டனர். சைக்கிளும் நீச்சலும் மறப்பதில்லை என்று நாம் சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

ஆனால் எல்லாக் கைவேலையும் இப்படி நிற்பதில்லை. நின்றுபோன இதயத்தை மார்பை அழுத்தி இயக்கும் முதலுதவியைக் கற்றவர்கள், இடையில் பயிற்சி இல்லையேல் சில மாதங்களிலேயே அதில் பெருமளவு தவறிவிடுகின்றனர். தடையின்றித் தொடர்ந்து ஓடும் அசைவு மறப்பதில்லை. இதன் பின் இது, இத்தனை முறை, இவ்வளவு அளவு என்னும் முறைவரிசை விரைவில் மறந்துபோகிறது. நாடா ஓட்டும் வீச்சு, கதிர் அறுக்கும் கை, பால் கறக்கும் விரல் ஆகியவை முன்னதைச் சேர்ந்தவை. விழுதில் இழை கோக்கும் கணக்கு, சாயம் கலக்கும் அளவு, மருந்து தெளிக்கும் விகிதம் ஆகியவை பின்னதைச் சேர்ந்தவை. ஆதலின் அசைவைக் கையிடம் ஒப்படைக்கலாம். கணக்கை நோட்டுப் புத்தகத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். பழைய நெசவாளர்களோடு எத்தனையோ பேட்டுக் கணக்குகள் எழுதப்படாமலே போயிருக்கும். இனியாவது அது நேராமல் காக்கலாம்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நல்ல பழக்கம் நிலைப்பது போலவே தீய பழக்கமும் நிலைக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் எலிகளுக்கு ஒரு வழியில் ஓடும் பழக்கத்தை ஏற்படுத்தி, பின்பு அதை மறக்கச் செய்தனர். அடிமூளை முடிச்சுகளில் அப்பழக்கத்துக்குரிய அடையாளம் மறைந்தது. மீண்டும் பழைய வெகுமதியைக் காட்டியதும் அது விரைவில் திரும்பி வந்துவிட்டது. 2005-இல் வெளிவந்த இச்செய்தியின் பொருள் யாதெனில், பழைய பழக்கம் அழிவதில்லை. புதியது அதன் மேல் படிகிறது என்பதே. முதுகை வளைத்து அமர்வதும், முடிச்சை அரைகுறையாக விடுவதும் முதல் மாதத்தில் படிந்துவிட்டால், களைவது முப்பது மாத வேலை. முதற்பாடம் மெதுவாகவும் செவ்வையாகவும் அமைய வேண்டும். வேகம் பின்னால் தானே வரும்.

நாம் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சங்கங்கள் கைக்கொள்ளத்தக்கவை சில உண்டு. பயிற்சிக் காலத்தில் நெய்த முழத்துக்கு மட்டும் கூலி என்று வைத்தால், இளைஞன் செவ்வையை விட்டு வேகத்தைப் பிடிப்பான். தேக்க வாரங்களில் வயிற்றுக்கு இன்றி ஓடிப்போவான். அக்காலத்துக்கு ஒரு நிலையான உதவித்தொகை அளிக்க வழி காண்பது, சங்கத்துக்குச் செலவன்று, முதலீடு. நாள் முழுதும் ஒரே வேலையில் இருத்தாமல் தறிக்கும், தார் சுற்றலுக்கும், பாவு வேலைக்கும் மாற்றி மாற்றி அமர்த்தலாம். கண்ணெதிரே பிழையைக் காட்டித் திருத்தும் மூத்த நெசவாளர் ஒருவருக்கு, அவர் இழக்கும் நெசவு நேரத்துக்கு ஈடாகத் தக்க ஊதியம் தர வேண்டும். பேட்டுக் கணக்குகளையும் சாய அளவுகளையும் எழுதிச் சங்கத்தில் வைக்க வேண்டும்.

நோயாலோ, குடும்பக் காரணத்தாலோ, வெளியூர் வேலையாலோ சில ஆண்டுகள் தறியை விட்டிருந்து திரும்பும் அங்கத்தினர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் வாரம் அவர்களுடைய தோள் வலிக்கும், வேகம் இராது. அது தசையின் தளர்ச்சி. மூளையிலுள்ள தொழில் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவர்களைப் புதியவர்களாக எண்ணி ஒதுக்காமல் பத்து நாள் அவகாசம் கொடுத்துப் பார்ப்பது நியாயம்.

பயிற்சிக்கு வந்திருக்கும் இளைஞரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். தம்பி, இழை அறுகிறதே என்று வருந்த வேண்டாம். அறுந்த ஒவ்வோர் இழையும் உன் மூளைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு செய்தி. இன்று ஒரு மணி நேரம் கருத்தோடு செய்; இரவு நன்றாக உறங்கு; நாளை மறுபடியும் வந்து உட்கார். கை வரும்.